மழைக்குக் குடை பிடித்த பயறு

1

ஊரிலிருந்து வரும் கடிதத்தின் முதல் பக்கத்தை நான் படிப்பதேயில்லை. அதில் எல்லாரும் சுகமாக இருப்பார்கள். தேவகிருபையால் மாடு கன்று போட்டிருக்கும், நம்முடைய சுகத்தையும் விசாரித்திருப்பார்கள். விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில், இடம் போதாமல் நெருக்கி எழுதிய நாலு வரியில்தான் இருக்கும். இந்த ஆவணியில் என் தம்பி தேவசகாயம் எழுதியதும் அப்படித்தான்.

"அக்கா, இரண்டு வருஷமாக மழை இல்லை என்பது உனக்குத் தெரியும். பங்குனியில் விதைப்பானையைத் திறந்து ஆக்கித் தின்றுவிட்டோம். பிள்ளைகள் பசி பொறுக்கவில்லை. தேரிப்பயறு நம் வீட்டில் இப்போது ஒரு மணி கிடையாது. ஒரு நாள் நடையில் உள்ள வீடெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன். உன்னிடம் இருந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் அனுப்பு. ஆழ்வார்திருநகரி வியாபாரி ஒருவர் நிலவாகை விதை தருகிறேன் என்கிறார். அவருக்கு இன்னும் சரி சொல்லவில்லை."

தாமிரபரணி என்றால் நெல்லும் வாழையும் என்று நினைக்கிற ஆற்றங்கரைக்காரர்களுக்காக இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. ஆற்றைத் தாண்டித் தெற்கே அரை நாள் வண்டியில் போனால் செம்மணல் தேரி. நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. அந்த மணலின் ஓரத்தில்தான் எங்கள் நிலம். அங்கே ஐப்பசியில் ஒரு மழை, கார்த்திகையில் ஒரு மழை, மற்றபடி பனி, இவ்வளவையும் வைத்துக்கொண்டு காய்க்கிற பயறு அது. தட்டைப்பயற்றைவிடச் சின்னது. செங்கல் நிறம், கண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கீற்று. ஆற்றங்கரைக்காரர்கள் அதை வாங்கித் தின்பார்கள், எங்கே விளைகிறது என்று கேட்கமாட்டார்கள்.

நிலவாகை என்பது பேதிக்குக் கொடுக்கிற இலை. காயவைத்துத் தூத்துக்குடியில் கப்பலேற்றுவார்கள். சீமையில் துரைமார் வயிறு சுத்தமாவதற்கு எங்கள் மணலில் இலை விளையவேண்டுமாம், எங்கள் பிள்ளைகள் வயிற்றுக்கு வேறு எங்காவது பார்த்துக்கொள்ளவேண்டுமாம். ஒரு தடவை அது நிலத்தில் ஏறினால் வியாபாரி இறங்கமாட்டான். தம்பி ஐப்பசி வரை காத்திருக்கிறேன் என்றான். அதற்கு மேல் அவனால் முடியாது என்பது அந்த நெருக்கி எழுதிய வரிகளிலேயே தெரிந்தது.

நான் அவனுக்கு எழுதிய பதிலை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. விதைப்பானையில் கைவைத்தவன் மனுஷனா என்று எழுதினேன். இங்கே மாசாமாசம் அரிசி அளந்து கொடுக்கிற தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதினேன். பிறகு, கவலைப்படாதே, என்னிடம் ஒரு போத்தல் நிறைய இருக்கிறது என்றும் எழுதினேன்.

2

எனக்குக் கலியாணமாகிப் பதினாலு வருஷம். என் வீட்டுக்காரர் பாளையங்கோட்டையில் படித்தவர். எல்லாரும் அவரை வாத்தியார் என்பார்கள், நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன். கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பள்ளிக்கூடம் நடத்தவும் ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்தவும் அவருக்கு வேலை கிடைத்தது. கலியாணமாகி மூன்றாம் மாதம் புறப்பட்டோம்.

எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் ஒரு நாழி விதைப்பயறும் முடிந்து அனுப்புவார்கள். கப்பலேறுமுன் எங்களை ஒரு முகாமில் அடைத்துவைத்து, நோய் வரக்கூடாதென்று மூட்டை முடிச்சையெல்லாம் நீராவியில் போட்டு எடுத்தார்கள். புதுப் பத்தமடைப் பாய் நனைந்த கோழி மாதிரி வெளியே வந்தது. வெந்த விதை முளைக்காது என்று எனக்குத் தெரியும். முதல் நாள் வரிசையில் நிற்கும்போதே ஒரு பிடியைத் துணியில் சுருட்டிக் கொண்டைக்குள் வைத்து முடிந்துகொண்டேன். நாழியில் ஒரு பிடிதான் கொண்டையில் அடங்கிற்று. மிச்சம் வெந்துபோயிற்று.

இந்த மலையில் மழை நிற்பது அபூர்வம். முதல் வருஷம் அரைப் பிடியை விதைத்தேன். கொடி கூரை வரை ஏறிற்று, ஒரு காய் இல்லை. தண்ணீர் மிஞ்சினால் அது இலையை விட்டுக்கொண்டே போகும். காயை மறந்துவிடும். பிறகு அடி அழுகிற்று. இரண்டாம் வருஷம் மிச்சம் முழுவதும். அதிலும் ஏழு மணிதான் கையில் வந்தது. அந்த ஏழு மணியை வைத்துக்கொண்டு நான் அழுதது வாத்தியாருக்குத் தெரியாது.

மூன்றாம் வருஷம் ஓடைக்கரையிலிருந்து கூடை கூடையாக மணல் சுமந்து, பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டின் வெயில் படுகிற சுவரோரம் கொட்டினேன். மேலே ஒரு பழைய தகரம். மழை வந்தால் ஓடிப்போய்த் தகரத்தை இழுத்து மூடுவேன், வெயில் வந்தால் திறப்பேன். தோட்டத்தில் எல்லாரும் சிரித்தார்கள். மழைக்குக் குடை பிடிக்கிற வாத்தியாரம்மா என்று எனக்குப் பெயர். ஊரில் பயிருக்குத் தண்ணீர் வேண்டுமென்று வானத்தைப் பார்ப்போம். இங்கே தண்ணீர் போதும் என்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆனால் காய்த்தது. செழித்து நிற்கிற செடியில் நாங்கள் விதை எடுக்கமாட்டோம். மணல் உயர்ந்த இடத்தில், வாடி நின்று காய்த்த செடியில்தான் எடுப்போம். காலையில் பனி ஈரம் இருக்கும்போதே நெற்றைப் பறிக்கவேண்டும், வெயில் ஏறினால் வெடித்துச் சிதறிவிடும். வண்டு விழாமல் சாம்பலில் புரட்டி, அமாவாசைக்கு அமாவாசை வெயிலில் காட்டி எடுத்துவைப்பேன். வாத்தியாருக்கு அது பிடிக்காது.

"கிறிஸ்தவ வீட்ல அமாவாச என்னத்துக்கு?" என்பார்.

"வண்டுக்கு வேதம் தெரியாதே" என்பேன்.

"ஒரு தடவ தொவையல் அரைச்சுத்தான் பாரேன். ஊர் ருசி மறந்து போச்சு."

"இது திங்கதுக்கு இல்ல. வெதை."

இந்தப் பேச்சு வருஷத்துக்கு ஒரு தரம் எங்கள் வீட்டில் நடக்கும். பதினாலு வருஷத்தில் அந்தப் பயற்றில் ஒரு மணியை நான் வாயில் போட்டதில்லை, போடவும் விட்டதில்லை. ஏழு மணி ஒரு போத்தலாயிற்று. என் மகள் ரூத்துக்கு ஐந்து வயதிருக்கும்போது அதிலிருந்து ஒரு கையள்ளிப் பல்லாங்குழி ஆடினாள். கன்னத்தில் ஓர் அறை விட்டேன். "நம்ம வீட்ல இதவிட ஒசந்தது ஒண்ணும் கெடையாது, தெரிஞ்சுக்கோ" என்றேன்.

ரூத்துக்கு இப்போது பன்னிரண்டு. கீழே டவுன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் வாய்க்குள் இங்கிலீஷில் எண்ணுகிறாள். கடைக்காரனிடம் சிங்களத்தில் பேரம் பேசுகிறாள். யாராவது சொந்த ஊர் எது என்று கேட்டால் தோட்டத்தின் பெயரைச் சொல்கிறாள். தேரி என்றால் என்னம்மா என்று ஒரு நாள் கேட்டாள். மணல் என்றேன். மணலில் எப்படி வீடு கட்டுவீர்கள் என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

3

தம்பிக்குப் பயறு அனுப்ப வாத்தியாரும் நானும் டவுன் தபாலாபீசுக்கு இறங்கினோம். ஏழு மைல். ஐரோப்பாவில் சண்டை தொடங்கியதிலிருந்து எந்தப் பார்சலானாலும் உள்ளே என்ன என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். வாத்தியார் அழகான இங்கிலீஷ் எழுத்தில் விதை என்று எழுதினார்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர் அதை விரலால் தட்டினார். விதையென்றால் அரசாங்கத் தாவரத் தோட்டத்து ஆபீசிலிருந்து சர்ட்டிபிகேட் வேண்டுமாம்.

"சாப்பாட்டுச் சாமான்னு எழுதுங்க" என்றேன் வாத்தியாரிடம் மெதுவாக. "பயறுதான? திங்கத்தான செய்யுதாக?"

"பொய் எழுதமாட்டேன் ஞானம்மா."

"இதுல பொய் என்ன இருக்கு?"

"ஒனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அது போதும்."

பதினாலு வருஷமாக அதைத் தின்பதற்கு இல்லை, விதை என்று சொன்னவள் நான்தானே. பார்சலைத் தூக்கிக்கொண்டு ஏழு மைல் ஏறினோம். சர்ட்டிபிகேட்டுக்கு எழுதினார். சாஸ்திரப் பெயர் என்ன என்று கேட்டு ஒரு கடிதம் வந்தது. தேரிப்பயறு என்று எழுதினார். அப்படி ஒன்று தங்கள் பட்டியலில் இல்லை, மாதிரி அனுப்பவும் என்று அடுத்த கடிதம். இருபது மணியை எண்ணி அனுப்பினோம். பூவும் இலையும் இல்லாமல் தீர்மானிக்க முடியவில்லை என்று மூன்றாவது. செடியை ஆடியிலேயே பிடுங்கியாயிற்று. பூவுக்கு எங்கே போவேன்? அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணி ஒருவர் ஊருக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக்காரர். அவர் தம் பெட்டிக்குள் வேட்டிக்கு நடுவே போத்தலை வைத்துக்கொள்ளச் சம்மதித்தார். திங்கட்கிழமை மத்தியானம் புறப்பாடு. வாத்தியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் சட்டத்துக்கு விரோதம் என்பார், விடமாட்டார். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருந்த ரூத்திடமும் சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் சொல்லிவிடுவாள். போத்தலைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, எடுத்துப்போகத் தோதாக அடுப்படிப் பலகையில் வைத்தேன். அது சனிக்கிழமை.

4

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்துக் கோவிலில் அறுப்புப் பண்டிகை. ஊரில் மாதிரியே இங்கேயும் வீட்டுக்கு வீடு முதல் விளைச்சலைக் கொண்டுவந்து படைப்பார்கள். ஜெபம் முடிந்ததும் அதை ஏலம் போடுவார்கள். பிறகு அசனம், எல்லாருக்கும் ஒரே பந்தியில் சாப்பாடு. படைக்கிற பொருள் தன் கையால் விளைந்ததாக இருக்கவேண்டும் என்பது முறை. அதில் நான் மிகவும் கண்டிப்பு. போன வருஷம் ஒருத்தி கடையில் வாங்கிய பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். "கடையில வாங்கினதக் கர்த்தருக்குக் குடுக்கவா வந்திய?" என்று சபை நடுவில் கேட்டேன். அவள் பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ரூத் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் மழையில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஒன்றும் தேறவில்லை. நான் விடியற்காலையிலேயே அசனத்துச் சமையலுக்குப் போய்விட்டேன். படையலுக்கு வீட்டிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வா என்று ரூத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். எதையாவது என்றுதான் சொன்னேன்.

கோவிலுக்குப் பின்னால் சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டிருக்கும்போது உள்ளே ஏலம் நடக்கிற சத்தம் கேட்டது. ஏலம் கூறுவது எப்போதும் வாத்தியார்தான், அவருக்குத்தான் தொண்டை. வாழைத்தார் போயிற்று, சேவல் போயிற்று. அப்புறம் அவர் குரல் கொஞ்சம் ஏறிற்று.

"இது நம்ம திருநெல்வேலித் தேரிப்பயறு. ஒரு மணி கலப்படமில்ல. என் வீட்டம்மா கையால வெளஞ்சது."

கரண்டியை அண்டாவுக்குள்ளேயே விட்டுவிட்டு ஓடினேன். நான் வாசலில் ஏறும்போது மூன்றாம் தரம் கூறியாயிற்று. தோட்டத்து ஆஸ்பத்திரி மருந்துக்காரர் எடுத்துவிட்டார். போத்தலை ஆள்வசம் வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்.

வாத்தியார் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சர்ட்டிபிகேட் வராததால் நான் மனம் திரும்பி ஆண்டவருக்கே கொடுத்துவிட்டேன் என்று நினைத்திருக்கிறார். ரூத்தைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன்.

"ஏட்டி, அத ஏன் எடுத்த?"

"நம்ம வீட்ல வெளஞ்சது அது மட்டுந்தானம்மா" என்றாள். அப்புறம், "அதவிட ஒசந்தது ஒண்ணும் இல்லன்னு நீதான சொன்ன?" என்றாள்.

அவளை அடிக்கக் கை ஓங்கினேன், கை இறங்கிவிட்டது.

அப்போதே மருந்துக்காரர் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. படைத்த பொருளை வாத்தியார் பெண்சாதி திருப்பிக் கேட்டாள் என்று சபையில் பேசுவார்களே என்று பயம். பூசணிக்காய்க்காரி வேறு பந்தியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். போத்தலில் இருக்கிற பயறு ஒரு ராத்திரியில் எங்கே போய்விடும், காலையில் தனியாகப் போய் வாங்கிக்கொள்ளலாம், கங்காணி மத்தியானம்தானே புறப்படுகிறார் என்று கணக்குப் போட்டேன். சோறு பரிமாறினேன். இதை இப்போது எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

5

மருந்துக்காரர் மனைவி சிவகாமியக்கா தச்சநல்லூர்க்காரி. சைவப் பிள்ளைமார், எங்கள் வேதக்கோவிலுக்கு வரமாட்டார்கள், ஏலத்துக்கு மட்டும் மருந்துக்காரர் வருவார். திங்கட்கிழமை காலையில் ரூத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். படி ஏறும்போதே கடுகும் தேங்காயும் தாளித்த வாசனை.

"வா ஞானம்மா, ஒனக்குத்தான் ஆள் அனுப்ப இருந்தேன். இரி, இரி" என்றாள் அக்கா. "இங்கன வந்து ஒம்பது வருஷமாச்சு, இந்தப் பயறக் கண்ணால கண்டதில்ல. அங்கன எங்க வீட்டுக்கு வண்டியில வந்து எறங்கும். ஏலத்துல பேரச் சொன்னாகன்னு இவுக சொல்லுதாக, எனக்கு நாக்குல தண்ணி ஊறிட்டு."

"எல்லாத்தையும் போட்டுட்டியளா, அக்கா?"

"பின்ன? நேத்து சாயந்தரமே ஊறப் போட்டேன். கூலியாளுக லயத்துல நம்ம ஊர்க்காரங்க பத்து வீடு இருக்குல்லா. ஒரு வீட்டுக்குக் குடுத்து ஒரு வீட்டுக்குக் குடுக்காம இருக்க முடியுமா? விடிய ஆக்கி எல்லாருக்கும் குடுத்தாச்சு. கெழவன் ஒருத்தன் அழுதுட்டான், கேட்டியா."

"போத்தல் அடியில ஒண்ணு ரெண்டு..."

"போத்தலக் கழுவிக் கவுத்திட்டேனே. ஏன், போத்தல் வேணுமா?"

வேண்டாம் என்றேன். என்ன சொல்ல? அவள் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் பதினாலு வருஷத்தை ஒரே காலையில் பத்து வீட்டுக்கும் பங்கு வைத்துக் கொடுத்திருந்தாள். நான் ஒரு நாளும் யாருக்கும் ஒரு பிடி கொடுத்ததில்லை.

இரண்டு தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள். தின்னாமல் எழுந்தால் அக்கா மனம் நோகும். தின்றேன். ருசியாகத்தான் இருந்தது. அந்த ருசி எனக்கு மறந்தேபோயிருந்தது என்று தின்னும்போதுதான் தெரிந்தது.

ரூத் தட்டை வழித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். வீட்டில் எதைப் போட்டாலும் பாதியை வைத்துவிட்டு எழுகிற பிள்ளை. இரண்டாம் தட்டும் முடிந்தபின் என்னைப் பார்த்தாள்.

"இது இவ்ளோ நல்லாருக்குமாம்மா? நீ ஏன் எனக்கு ஒரு நாகூட ஆக்கித் தரல?"

சிவகாமியக்கா சிரித்தாள். நான் தண்ணீர் குடித்தேன்.

6

கங்காணி வெறும் பெட்டியோடு போனார். சுவரோரத்து மணலை முழுக்கச் சலித்துப் பார்த்தேன். சிதறி விழுந்திருந்த மணிகளெல்லாம் தகரம் இல்லாத மழையில் முளைத்து அழுகியிருந்தன. மாதிரிக்கு அனுப்பிய இருபது மணி நினைவுக்கு வந்ததும் வாத்தியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார்.

"சொன்னா விட்டிருப்பியளா?"

அவர் அந்த இருபது மணியைத் திருப்பிக் கேட்டு அன்றைக்கே ஆபீசுக்கு எழுதினார். இனம் தெரியாத விதைகளை விதிப்படி எரித்துவிடுவது வழக்கம் என்று பதில் வந்தது. பதில் வரத் தாமதமானதற்கு வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

தம்பிக்கு நடந்ததை அப்படியே எழுதினேன். முன்பு அவனைத் திட்டி எழுதியதற்கு மன்னிப்பும் கேட்டேன். கார்த்திகையில் பதில் வந்தது. இந்தத் தடவை முதல் பக்கம் கிடையாது. ஐப்பசி மழை நன்றாகப் பெய்ததாம். நிலவாகை விதைத்துவிட்டானாம். பரவாயில்லை அக்கா, நீ என்ன செய்வாய் என்று எழுதியிருக்கிறான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இதை நான் எழுதுவது என் கதையைச் சொல்வதற்காக அல்ல. நாங்குநேரிப் பக்கமோ, சாத்தான்குளத்துக்கு அப்பாலோ, என் தம்பி நடந்து எட்டாத எந்த மணல்காட்டிலோ, செங்கல் நிறத்தில் கறுப்புக் கீற்றோடு ஒரு பிடி பயறு உங்கள் வீட்டுப் பானையில் கிடந்தால் அவனுக்குக் கொடுங்கள். முகவரி இந்தப் பத்திரிகை ஆபீசில் இருக்கிறது. நான் கேட்டதாக அவனிடம் சொல்லவேண்டாம். கொடுப்பதற்கு முன்னால் உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வேளை ஆக்கிக் கொடுங்கள்.

எனக்கு அனுப்ப நினைப்பவர்களும் இருக்கலாம். வேண்டாம். பதினாலு வருஷத்தில் நான் கற்றது அதைப் பூட்டிவைக்க மட்டும்தான். இன்னொரு பிடி கிடைத்தாலும் அதைத்தான் செய்வேன். ரூத் மறுபடியும் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன்.